அணைந்த டிவியைப் பார்த்துச் சிரித்த குடும்பம்

1950, 60களின் அமெரிக்க டிவி விளம்பரப் படங்களில் குடும்பமே சோபாவில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். படமெடுத்தபோது அந்த டிவி பெரும்பாலும் அணைந்துதான் கிடந்தது. அவ்வளவு பரவசமும் சாம்பல் நிறக் கண்ணாடியைப் பார்த்து!

பழைய டிவியின் திரையான பிக்சர் டியூபின் உள்பூச்சு வெளிறிய நிறம். ஃபிளாஷ் அடித்தால் திரை வெளுத்து, ஓடும் காட்சி காணாமல் போகும். ஃபிளாஷ் இல்லையென்றால் டிவி ஜொலிக்கும், குடும்பம் இருட்டில்.

அடுத்த வில்லன் ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு. அந்தக் கால அமெரிக்க டிவியில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை விநாடிக்கு 60 முறை மேலிருந்து கீழே ஓடும். இரண்டு ஓட்டம் சேர்ந்தால்தான் 525 வரிகள் கொண்ட ஒரு முழுப்படம். ஷட்டரை 1/125 விநாடி மட்டும் திறந்தால் கற்றை பாதி தூரம்தான் ஓடியிருக்கும், ஏறக்குறைய பாதித் திரை கறுப்பு. லென்ஸுக்குள் தகடுகளாகத் திறக்கும் லீஃப் ஷட்டரில் அந்தக் கறுப்புப் பட்டை படுக்கையாக விழும், ஃபிலிமுக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடும் துணித்திரை ஷட்டரில் சாய்வாக. 1/30 கணக்குக்குச் சரி. ஆனால் பழைய ஷட்டர் கொஞ்சம் பிசகினாலும் பட்டை எட்டிப்பார்க்கும். 1/8 நிம்மதி. என்ன, நாலு முழுப்படம் ஒன்றன்மேல் ஒன்று விழும், திரையில் ஆடுகிறவருக்கு எட்டுக் கை முளைக்கும். செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கும் நேரமே நல்ல நேரம்.

ஓடும் டிவியை நிஜமாக எடுக்க வழி, ஒரே ஃபிலிமில் இரண்டு எக்ஸ்போஷர், அதாவது இரண்டு முறை ஒளி படவைப்பது. கேமரா ட்ரைபாடில். முதலில் திரையைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி, ஃபிளாஷில் அறையை எடுக்க வேண்டும். பிறகு ஃபிலிமை நகர்த்தாமல், விளக்குகளை அணைத்து, துணியை எடுத்து, டிவியைப் போட்டு 1/8. ஏஎஸ்ஏ 400 வேக (ஒளியுணர்வு) ஃபிலிமுக்கு லென்ஸ் துளையை எஃப் 5.6 அல்லது 8இல் வைத்து ஆரம்பித்து, ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் படி) கூட்டியும் குறைத்தும் எடுக்கலாம். டிவியின் கான்ட்ராஸ்டை வழக்கத்தைவிடக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியாது. கலர் ஃபிலிம் என்றால் இந்த இரண்டாவது எக்ஸ்போஷருக்கு மட்டும் லென்ஸில் சிவப்புச் சாயல் ஃபில்டர். டிவி வெளிச்சம் நீலம் பாயும்.

துணியை எடுக்கப் போகிறவர் ட்ரைபாட் காலை உதைத்தால் தீர்ந்தது: படம் டிவியை விட்டு இறங்கி மரப்பெட்டியின்மேல் மிதக்கும். திரைக்குப் பக்கத்தில் இருப்பவர் அசைந்தால், திரை வெளிச்சத்தில் அவருக்கு இன்னொரு மூக்கு வரும்.

இந்த வம்பே வேண்டாம் என்று விளம்பரக்காரர்கள் ஒரு ஃபோட்டோவைத் திரை வடிவத்தில் வெட்டி ஒட்டி, ஓரத்தை ஏர்பிரஷால் (காற்றில் மையைத் தூவும் கருவி) மழுப்பினார்கள். கீழே பொடி எழுத்தில் ‘திரையில் தெரிவது மாதிரிப் படம்’ என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டாலும் பிடித்துவிடலாம்: டிவி சாய்ந்து நிற்கும், உள்ளே இருப்பவர் நேராக நிற்பார். உப்பிய கண்ணாடியில் ஜன்னலின் பிம்பமும் இருக்காது, உருப்பெருக்கியில் வரிகளும் தெரியாது.