தூதரகத்துக்குள் போய்விட்டால் தப்பிவிடலாமா?

2012இல் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பேசாமல் ஒரு தூதரகத்துக்குள் ஓடிப்போய் இருந்துவிட வேண்டியதுதானே?"

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆண்டுச் செய்திகள் அப்படி. வீட்டுக்காவலில் இருந்த கண்பார்வையற்ற சட்டச் செயற்பாட்டாளர் சென் குவாங்செங், ஏப்ரலில் மதில் தாண்டித் தப்பி பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போய்ச் சேர்ந்தார். ஜூனில் லண்டனில் விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் ஈக்வடோர் தூதரகத்துக்குள் போனார். நானோ யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் நிருபர். அதற்கு முந்தின ஆண்டு ஜூலையில்தான் உதயன் பத்திரிகையின் செய்தி ஆசிரியர் குகநாதனை நடுத்தெருவில் இரும்புக் கம்பிகளால் அடித்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கும் ரெலிபோன் வரத் தொடங்கியது. அப்புறம் வீட்டு வாசலுக்கே வந்தார்கள்.

ஆனால் நான் மதில் ஏறவில்லை, பதிவுத் தபால் அனுப்பினேன். சொந்த நாட்டில் இருந்தபடியே தூதரகம் வழியாகத் தஞ்சம் கேட்பதை ஐரோப்பாவில் கடைசிவரை அனுமதித்திருந்த நாடு சுவிஸ். அப்போதெல்லாம் கொழும்பு கிரகறி வீதியில் இருந்த சுவிஸ் தூதரகத்துக்கு ஒருவர் தன் கதையை எழுதி அனுப்பினால், மேலும் கேள்விகளுடன் ஒரு கடிதம் வரும். பதிலும் ஆதாரமும் அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். முடிவெடுத்தது கொழும்பு இல்லை, சுவிஸின் பேர்ண் நகரில் இருந்த குடியேற்ற அலுவலகம். இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடிதம் போட்டேன், கேள்விகள் வந்தன.

ஆதாரம் சேர்க்கப் போனபோதுதான் வாழ்க்கை வெறுத்தது. வாசலுக்கு வந்து மிரட்டினார்கள் என்று எழுதினால் போதாது, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதவே மறுத்தார்கள். "ஆர் வந்தது? பேர் தெரியுமா? பேர் தெரியாமல் எப்படி எழுதிறது?" பிறகு ஒருவழியாக எழுதினார்கள், பிரதி தரவில்லை. பெரியவர் லீவு, நாளைக்கு வா. நாளைக்குப் போனால் புத்தகம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அங்கே போய் நிற்பதே பயம். வாங்கில் குந்தியிருக்கும்போது, சாரத்தோடு ஓரமாக இருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குப் பயந்து முறைப்பாடு கொடுக்கிறோமோ, அவர்களுக்கு முன்னாலேயே இருந்து கொடுப்பது போல இருந்தது. கடைசியில் கைகொடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழுவில் போட்டிருந்த முறைப்பாடு. அதற்கு இலக்கம் போட்ட துண்டு கையோடு தந்தார்கள். பொலிஸ் பிரதி கிடைக்காவிட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். திகதியும் இலக்கமும் உள்ள எந்தத் துண்டும் பெறுமதியானது. பிரதி தர மறுத்தார்கள் என்பதையே திகதி போட்டு எழுதி அனுப்பலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் ரைப் பண்ணக் கொடுத்தேன். ஒக்டோபரில் நடந்ததை ஓகஸ்ட் என்று அடித்து, முத்திரையும் குத்தி, உறையில் போட்டு ஒட்டியே தந்துவிட்டார்கள். நல்லகாலம், லொட்ஜுக்குப் போய் உறையைக் கிழித்துப் பார்த்தேன். திரும்பிப் போய்க் காட்டினால், "அண்ணை, ரெண்டு மாசந்தானே, வெள்ளைக்காரன் இதையெல்லாம் பாக்கவே போறான்?" என்றான் கடைப் பெடியன். பார்ப்பான். விசாரணையில் முதலில் தட்டுப்படுவதே கடிதத்தில் ஒரு திகதி, ஆவணத்தில் வேறொரு திகதி இருப்பதுதான். பலருடைய விண்ணப்பம் 'நம்பகத்தன்மை இல்லை' என்று விழுந்தது இந்த மாதிரி இடங்களில்தான்.

ஏஜென்சிக்காரர் கதையையும் சொல்ல வேண்டும். தூதரகத்துக்குள் ஆள் இருக்கிறது என்று சொல்லி ஒருவர் என் நண்பரிடம் காசையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டார். ஆள் இருந்ததோ இல்லையோ, கடிதம் அவருடைய லாச்சிக்குள் கிடந்தது. 2012 செப்டெம்பர் 28ஆம் திகதி சுவிஸ் பாராளுமன்றம் இந்த வழியை அவசரச் சட்டமாக மூடியது. மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் போட்டவர்களின் விண்ணப்பங்களைப் பழைய சட்டப்படியே பார்த்தார்கள். நண்பரின் கடிதம் தபாலில் சேர்ந்தது ஒக்டோபரில். என்னிடம் பதிவுத் தபால் துண்டு இருந்தது, அவரிடம் ஏஜென்சிக்காரரின் ரெலிபோன் நம்பர் மட்டும் இருந்தது. இன்றைக்கும் அந்த மனுசனை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

விசாரணைக்குப் போகிறவர்கள் சித்திரவதைக் கதையை மட்டும் தயார் பண்ணிக்கொண்டு போவார்கள். கேள்வி வேறு பக்கத்தால் வரும். "யாழ்ப்பாணத்தில் ஆபத்து, சரி. கொழும்பில் இருக்கலாமே?" "இந்தியாவுக்குப் போகலாமே, பக்கம்தானே?" விண்ணப்பதாரர் வேறொரு இடத்தில் பாதுகாப்புத் தேடலாமா என்று பார்ப்பது அப்போதைய சுவிஸ் சட்டத்திலேயே இருந்தது. கொழும்பு லொட்ஜுக்கு வந்து என்னை விசாரித்தவர்களைப் பற்றி நாள், நேரத்தோடு எழுதி வைத்திருந்தது அங்கேதான் உதவியது.

அனுமதி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம், எனக்குத்தான் நித்திரை போனது. தூதரகம் தருவது அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி. உங்கள் நாட்டை விட்டு வெளியேற விடுவது உங்கள் அரசாங்கம். ஓடிப்போய் உள்ளே இருக்கச் சொன்னவர்களுக்கு விளங்காத இடம் இதுதான். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, தூதரின் சம்மதம் இல்லாமல் பொலிஸ் தூதரகத்துக்குள் நுழைய முடியாது, அவ்வளவுதான். அதற்காக அந்தக் கட்டடம் வெளிநாட்டு மண் ஆகிவிடாது. வாசலுக்கு வெளியே கால் வைத்தால் பிடிக்கலாம்.

பெரு நாட்டு எதிர்க்கட்சித் தலைவர் அயா டி லா டோரே 1949இல் லிமாவில் கொலம்பியத் தூதரகத்துக்குள் போனார். பெரு வழிவிட மறுத்தது. வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போனது. வழிவிடும்படி பெருவைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1950இல் தீர்ப்பு வந்தது. அவர் வெளியே வந்தது 1954இல். ஹங்கேரியில் கர்தினால் மின்சென்டி 1956இல் புடாபெஸ்ட் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போய், வெளியே வர 1971 ஆனது. சென் சில நாட்களிலேயே வெளியே வர முடிந்ததற்கு ஹிலாரி கிளிண்டன் அந்த வாரமே பேச்சுவார்த்தைக்குப் பெய்ஜிங் வந்ததும் ஒரு காரணம். இரண்டு அரசுகளுக்கும் விஷயத்தை முடித்தாக வேண்டியிருந்தது. மே 19ஆம் திகதி அவரை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்து நிருபர் ஒருவனுக்காக எந்த அமைச்சர் கொழும்புக்கு வரப்போகிறார்?

விமான நிலையத்தில் குடியகல்வு அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போனார். கதவுக்கு மேலே ஒரு குழாய் விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற குடும்பம் என்னை விலத்திப் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சுவிஸில் யார் இருக்கிறார்கள்?" "பெரியம்மாவின் மகன்." அது உண்மைதான். முத்திரை குத்தினார். முறைப்பாட்டுப் பிரதிகள் எதையும் பையில் வைத்திருக்கவில்லை. முன்கூட்டியே ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் போட்டிருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தூதரக வழியை மூடியதை 2013 ஜூனில் சுவிஸில் பொதுசன வாக்கெடுப்பிலும் உறுதிப்படுத்திவிட்டார்கள். மனிதாபிமான விசா என்று ஒன்று இருக்கிறது. அதற்கு உயிருக்கு உடனடி ஆபத்து என்று காட்ட வேண்டும். கிடைப்பவர்கள் மிகக் குறைவு. அந்த 2013இலேயே சுவிஸ் திருப்பி அனுப்பிய தமிழர் இருவர் இலங்கையில் இறங்கியதும் கைதானார்கள். அதன் பிறகுதான் செப்டெம்பரில் திருப்பி அனுப்புவதைச் சுவிஸ் நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று, பொலிஸ் பிரதிக்காக நான் அலைந்ததைப் பார்த்துச் சிரித்த பெரியம்மாவின் மகன், தன்னுடைய பழைய கடிதங்களையெல்லாம் தேடி எடுத்து ஒரு கோப்பில் போடத் தொடங்கினான்.