டிகிரிக்கும் வேலைக்கும் நடுவே ஒரு வருட அப்ரண்டிஸ்

கேம்பஸில் வேலை அமையவில்லை, டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிக்க வேண்டும் என்றிருக்கும் பட்டதாரிக்குச் சென்னையில் கைக்கெட்டுகிற வழி நாட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் அப்ரண்டிஸ் பயிற்சி. தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. பெரும்பாலும் பரீட்சை கிடையாது, மார்க்கை வைத்து லிஸ்ட் போடுவார்கள். படித்து முடித்து ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. ஒரு வருட வேலை அனுபவம் இருந்தாலோ, முன்பே அப்ரண்டிஸாக இருந்திருந்தாலோ சேர முடியாது.

நாட்ஸ் போர்ட்டலில் பதிந்து எண் வந்ததும் பலர் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். மாநகர் போக்குவரத்துக் கழகம் போன்ற நிறுவனங்கள் அறிவிப்பு விடும்போது, உள்ளே போய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இழுத்தடிப்பது நம்மூர் இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். ஆதாரில் எஸ்-ஐ விரித்து 'கார்த்திக் செல்வம்' ஆக்கியிருப்பார்கள். சரிபார்ப்பில் இது இடிக்கும். மார்க் ஷீட்டைத் திருத்த அலைவதைவிட ஆதாரை அதற்கேற்ப மாற்றுவது மேல். ஆனால் ஆதாரில் பெயர் மாற்ற மொத்தமே இரண்டு வாய்ப்புதான். ஒப்புகைச் சீட்டில் எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே கவுன்ட்டரை விட்டு நகருங்கள். ஓ.டி.பி. வரும் மொபைல் எண்ணையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

அடுத்தது பணம். 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். இப்போதைய தொகையை அறிவிப்பில் பாருங்கள். அந்தக் குறைந்தபட்சத்தில் அரசின் பாதிப் பங்கு ஆதாரோடு இணைத்த கணக்குக்கு நேராக வரும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது, மானியம் பெறும் கணக்காகவும் அதை இணைத்திருக்க வேண்டும். கடைசியாக எந்தக் கணக்கை அப்படி இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். ஸ்காலர்ஷிப்புக்காக ஊரில் திறந்த பழைய கணக்கில் பணம் விழுந்துகொண்டிருக்க, நாம் இங்கே பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி என்று தெரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குபவருக்கு இந்தத் தொகை இழுபறிதான். வீட்டிலிருந்து போய்வருகிறவருக்குத் தாங்கும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி.

சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அதனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் கைவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும்.