பஞ்சு ஒட்டுன ஸ்னோமேனும் பனம்பூ மாவலியும்

டிசம்பர் பொறந்தா திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்ல இருக்குற ஸ்டேஷனரி கடைக்காரங்களுக்கு ப்ளே ஸ்கூல் மிஸ்ங்கள தூரத்துல பாத்தாலே தெரிஞ்சிரும். பஞ்சு ரோல், வெள்ளை சார்ட், கிளிட்டர், ஒட்டுற பொம்மை கண்ணு, எல்லா ஸ்கூலுக்கும் இதே லிஸ்ட் தான். எதுக்குன்னா ஸ்னோமேன் செய்ய. கடலூர்ல அந்த நேரம் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திருக்காங்கன்னு டிவில ஓடிட்டு இருக்கும், பசங்க ரெயின்கோட்டோட சொட்ட சொட்ட வந்து நிக்கும், நாங்க உள்ள உக்காந்து பஞ்ச பிச்சு பிச்சு ஒட்டி "திஸ் இஸ் ஸ்னோ"ன்னு சொல்லிக் குடுத்துட்டு இருப்போம்.

கிறிஸ்துமஸ்க்கு ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு சொல்ல வரல, அது நம்ம ஊர் பண்டிகையும் தான். வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், சர்ச்ல குடில் வைப்பாங்க. குடில் செய்யணும்னா வைக்கோல் வேணும், களிமண்ல ஆடு மாடு புடிக்கணும், குச்சி பொறுக்கி கூரை கட்டணும், மூணு வயசு புள்ளைக்கு இத விட நல்ல கிராஃப்ட் வேலை கெடைக்காது. ஆனா அது எங்க கிட் புக்ல கெடையாது. ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துற ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரு பொட்டி வரும், அது தான் கிட், அதோட புக்ல மாசத்துக்கு ஒரு தீம், அக்டோபர்னா காஞ்ச இலை, ஆரஞ்சு கலர் பிரவுன் கலர்னு. அக்டோபர்ல நம்ம ஊர்ல எந்த மரத்துல இலை கொட்டுது, அப்ப தான் மழை ஆரம்பிச்சு எல்லாம் பச்சையா தளதளன்னு நிக்கும்.

நம்ம ஊர்ல இலை கொட்டுறது மாசி பங்குனில. எங்க ஸ்கூல் காம்பவுண்ட்ல ஒரு வாதாமரம் இருக்கு, கொட்டுறதுக்கு முன்னாடி இலை பூரா செவப்பா மாறும், காலைல வந்து பாத்தா கீழ செவப்பு கம்பளம் கணக்கா கெடக்கும். ஆயாம்மா பெருக்கி ஓரமா தள்ளுறதுக்குள்ள நான் பசங்கள கூட்டிட்டு போயிருவேன், பெருசு சிறுசு பிரிக்கிறது, செவப்பு ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் அடுக்குறது, பின்பக்கம் கலர் தடவி பேப்பர்ல அமுக்கி எடுக்குறது. நரம்பு நரம்பா வந்து விழும் பாருங்க, அத பாத்துட்டு ஒரு குட்டி அவன் கைய திருப்பி "எனக்கும் கோடு இருக்கு"ன்னு காமிச்சான். இத கிட் புக்ல போட்டிருந்த தேதில செஞ்சிருந்தா கடைல பிரவுன் பேப்பர் வாங்கி இலை மாதிரி வெட்டித் தான் குடுத்திருக்கணும்.

வெட்டிக் குடுக்குறதுன்னு சொன்னோடனே இன்னொரு விஷயம் சொல்லணும். ப்ளே ஸ்கூல் சுவத்துல வரிசையா தொங்குற கிராஃப்ட்ல முக்காவாசி மிஸ்ங்க செஞ்சது, இது இந்த லைன்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும். ராத்திரி வீட்ல உக்காந்து க்ளூ கன் வச்சு ஒட்டிட்டு, காலைல புள்ளை கைய புடிச்சு ஒரு பொட்டு வைக்க விட்டுட்டு கீழ பேர் எழுதி மாட்டிருவாங்க. ஏன்னா வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போகணும். ஒரு புள்ளையோடது கோணலா இருந்தா "என் பையனோடது மட்டும் ஏன் இப்டி இருக்கு"ன்னு அஞ்சு நிமிஷத்துல மெசேஜ் வரும். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஸ்கூல்ல கரெஸ்பாண்டென்ட் வந்து ஒரு புள்ளையோட படத்த சுவத்துல இருந்து எடுக்கவே சொல்லிட்டாங்க. அதுல அம்மா படம் இருந்துச்சு, ஒரு பெரிய வட்டம், உள்ள ரெண்டு கண்ணு, வட்டத்துல இருந்தே நேரா ரெண்டு காலு. ஒடம்பு கெடையாது. மூணு நாலு வயசு புள்ளைங்க உலகம் பூரா மனுஷன அப்டித்தான் வரையும், தலைல இருந்து நேரா காலு, அப்புறம் கொஞ்ச நாள் போனா தானா ஒடம்பு வரும் தொப்புள் வரும் சட்டை பட்டன் வரும். அத எடுத்துட்டு மிஸ் வரைஞ்ச பூவ மாட்டுனா யாருக்கு என்ன லாபம் சொல்லுங்க.

இப்ப இருக்குற இடத்துல மேடம் கொஞ்சம் விட்டுக் குடுக்குறவங்க. அதனால நான் மொதல்ல கத்திரிய தள்ளி வச்சேன். கத்திரிக்கு முன்னாடி கிழிக்கணும், பேப்பர ரெண்டு கையாலயும் எதிரெதிரா இழுத்து கிழிக்கிறது தான் அந்த வயசு விரலுக்கு நெஜமான வேலை. பழைய நியூஸ்பேப்பர் கிழி, பிதுக்கு, உருட்டு, ஒட்டு. பசை நாங்களே காய்ச்சுவோம், மைதா பசை. போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போட்டு காய்ச்சுவாங்க, அது விஷம், புள்ளைங்க எந்த நேரம் கைய வாயில வைக்கும்னு சொல்ல முடியாது, அதனால வெறும் மைதாவும் தண்ணியும் தான், அன்னன்னிக்கு காய்ச்சி அன்னன்னிக்கே தீத்துறணும், மறுநாள் நாறிரும்.

கலருக்கு சமையக்கட்டுல இருந்தே நெறைய கெடைக்குது. வெண்டைக்காய குறுக்க வெட்டி கலர்ல முக்கி வச்சா அஞ்சு எதழ் பூ, வாழைத்தண்டு வெட்டுனா வட்டத்துக்குள்ள வட்டம், பாகற்காய்க்கு ஓரம் பூரா பல்லு. பசங்களுக்கு புடிச்சது என்னன்னா மஞ்சத்தண்ணி. ஒரு கண்ணாடி டம்ளர்ல மஞ்சத்தூள் கரைச்சு வச்சுட்டு, நான் மட்டும் தொட்டு விரல் நுனில இம்புட்டு வெத்தல சுண்ணாம்பு எடுத்து அதுல கலக்குவேன் (சுண்ணாம்பு புள்ளைங்க கைல போகவே கூடாது, கண்ணுல பட்டா ஆஸ்பத்திரி தான்). மஞ்ச அப்டியே செவப்பா திரும்பும். எத்தன தடவை செஞ்சாலும் அந்த ரெண்டு செகண்ட்ல கிளாஸ்ல ஒரு சத்தம் இருக்காது. அப்புறம் ஒரு பொண்ணு "இது ஆலாத்தி தண்ணி, எங்க சித்தி கல்யாணத்துல சுத்துனாங்க"ன்னு சொன்னா. அவ்ளோ தான், அதுக்கப்புறம் யார் வீட்டுல யாருக்கு ஆலாத்தி சுத்துனாங்கன்னு ஆளாளுக்கு கதை, கிளாஸ் முடியிற வரைக்கும் ஓடுச்சு.

மான்டிசோரி அம்மையார் 1939ல நம்ம மெட்ராஸ் அடையாறுக்கு வந்து டீச்சர்ங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தவங்க. அவங்க முறைல தண்ணி ஊத்துறது, துணி மடிக்கிறது, பட்டன் போடுறதுன்னு வீட்டு வேலைக்கு தான் பெரிய எடம். 2020 கல்விக் கொள்கைல மூணுல இருந்து எட்டு வயசு வரைக்கும் ஒரே கட்டமா வச்சு விளையாட்டு மூலமா கத்துக்கணும்னு போட்டிருக்காங்க. பேப்பர்ல எல்லாம் சரியா தான் இருக்கு, ஆனா அட்மிஷனுக்கு வர்ற பேரன்ட்ஸ் கேக்குற மொத கேள்வி "ஏ பி சி டி எப்ப எழுதுவான்".

சரி, ஃபங்ஷன் கதைக்கு வர்றேன். வருஷத்துல எங்களுக்கு உயிர் போற வேலை அது தான். ஆனுவல் டேன்னா டிரெஸ் வாடகை, மேக்கப், பசங்க தூக்கத்துல மேடை ஏறி அழும், அம்மா அப்பா எல்லாம் செல்ல தூக்கிப் புடிச்சுட்டு முன்னாடி வந்து நின்னு பின்னாடி இருக்குறவங்களுக்கு மறைக்கும். அதுல புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, இத நான் மீட்டிங்லயே சொல்லிருக்கேன். நவம்பர் 14 குழந்தைகள் தினம் இன்னும் கூத்து, இந்தப் பக்கம் நவம்பர் டிசம்பர்ல எத பிளான் பண்ணாலும் அது கலெக்டர் லீவுக்கு போய் தான் நிக்கும். 2011ல தானே புயல், 2015ல வெள்ளம், 2024ல ஃபெஞ்சல் புயலும் அது பின்னாடியே பெண்ணையாத்துல வந்த தண்ணியும், இவ்ளோ பாத்த ஊர்ல நவம்பர்ல ஷாமியானா போட்டு ஃபங்ஷன் வைக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல.

ஃபாதர்ஸ் டே கார்டும் எனக்கு ஒத்துவரல. எங்க கிளாஸ்ல அப்பா சிங்கப்பூர்ல, துபாய்ல இருக்குற புள்ளைங்க இருக்கு, அப்பா இல்லாத புள்ளை இருக்கு, அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சு ஆயா வீட்ல வளர்ற புள்ளை இருக்கு. எல்லார் கைலயும் டை படம் போட்ட கார்டு குடுத்து "ஐ லவ் யூ டாடி" எழுத வச்சா அதுங்க யார்கிட்ட கொண்டு போய் குடுக்கும். அதனால இப்ப நாங்க யார் வேணா வரலாம்னு ஒரு நாள் வச்சிருக்கோம், தாத்தா, ஆயா, மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா வந்தாலும் சரி. ஒரே கண்டிஷன், வந்தா சேர்ல உக்காந்து பாக்கக்கூடாது, தரைல உக்காந்து ஏதாவது ஒரு வேலை புள்ளைங்களோட சேந்து செய்யணும்.

மொத தடவை சொல்லும்போது எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. வயசானவங்களுக்கு மியூசிக்கல் சேர் வச்சு பரிசா பிளாஸ்டிக் டப்பா குடுக்குறது தான இதுவரைக்கும் வழக்கம். அப்புறம் தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு தாத்தா வந்தாரு, பேசவே மாட்டாரு, பையில கிழிஞ்ச வலைத்துண்டு ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. உக்காந்தாரு, வலையோட ஒரு கண்ண கால் கட்டவெரல்ல மாட்டி விறைப்பா இழுத்துக்கிட்டாரு, ஊசிய கொண்டு போயி ஒரு முடிச்சு, அடுத்து ஒரு முடிச்சு, ஓட்டை அடைஞ்சுட்டே வருது. பசங்க அவர் கைய பாக்கல, கால தான் பாத்துச்சுங்க. கொஞ்ச நேரத்துல சுத்தி உக்காந்திருந்த எல்லா புள்ளையும் ஷூ சாக்ஸ கழட்டிட்டு கட்டவெரல்ல சணல் மாட்டி இழுத்துட்டு இருக்கு. எந்த புக்லயும் நான் இப்டி ஒரு ஆக்டிவிட்டி பாத்ததில்ல, ஒரு கால் விரல், ரெண்டு கை, மூணும் சேந்து வேலை செய்யுது.

ஆனா பெருசா பேச்சானது, கார்த்திகைக்கு நெருப்புப் பொறி பறக்க சுத்துவாங்களே, அந்த மாவலி தான். கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி வழக்கமா நாங்க பேப்பர் அகல் வெட்டி ஒட்டுவோம். ஒரு வருஷம் நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர்ல இருந்து வந்த ஒரு தாத்தா அத பாத்துட்டு "ஏம்மா டீச்சரு, இதென்ன காயிதத்துல விளக்கு, மாவலி சுத்துவோமா?"ன்னு கேட்டாரு. கூட இருந்த இளசு அம்மாக்கள்ல பாதி பேருக்கு அப்டின்னா என்னன்னே தெரியல. ஆண் பனைல வர்ற பூவ காய வச்சு, குழில போட்டு எரிச்சு, சாம்பலா போறதுக்குள்ள மூடி கரியாக்கி, அத இடிச்சு தூளாக்கணும். அந்தக் கரி பண்ற வேலையெல்லாம் அவர் ஊர்லயே முடிச்சு ஒரு டால்டா டப்பால போட்டு கொண்டாந்துட்டாரு. பசங்க வேலை என்னன்னா பழைய காட்டன் வேட்டிய நீளமா கிழிச்சு, அதுல கரித்தூள அள்ளி வச்சு, இறுக்கி சுருட்டி, நூல் சுத்துறது. "இறுக்குடா கண்ணு, லூசா இருந்தா பொறி பறக்காது"ன்னு ஒவ்வொருத்தன் கைக்கு மேலயும் அவர் கைய வச்சு சுத்த வச்சாரு. கரி எங்கன்னு இல்ல, மூக்குல, காதுல, வெள்ளை யூனிஃபார்ம்ல. ஒரு அம்மா வாசல்ல நின்னுட்டு "மிஸ் இது போகுமா"ன்னு கேட்டாங்க, போகாதுன்னு தான் சொன்னேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்துச்சு. சுருட்டுன துணிய பொளந்த பனமட்டைக்கு நடுவுல வச்சு கட்டி, கயிறு மாட்டி, நுனில நெருப்பு வச்சு கொஞ்ச நேரம் ஊதி கங்காக்குனாரு. பசங்கள வராண்டா கம்பிக்கு பின்னாடி நிறுத்தி, ரெண்டு பக்கெட் தண்ணியும் வச்சுக்கிட்டோம், மேடம் மூஞ்சில ரத்தமே இல்ல. தாத்தா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு "மாவலியோ மாவலி"ன்னு சத்தம் போட்டு சுத்துனாரு பாருங்க, தலைக்கு மேல ஒரு பெரிய வட்டம், வட்டத்துல இருந்து பொன்னு பொன்னா பொறி கொட்டுது, மத்தாப்பு மாதிரி மருந்து நாத்தமே கெடையாது, வெடிச் சத்தமும் கெடையாது. அடுத்து ஒரு அப்பா வந்து "நான் சின்ன வயசுல சுத்திருக்கேன்"ன்னு வாங்கி சுத்துனாரு, சட்டைல ஒரு பொறி பட்டு ஓட்டை. பசங்க மாவலியோ மாவலின்னு கத்துறத நிறுத்த வைக்க முடியல, மறுநாள் ப்ரேயர்லயும் கத்துச்சுங்க. வாட்ஸ்அப் குரூப்ல "நெருப்பு வச்சு விளையாடுறது ப்ளே ஸ்கூல் வேலையா"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அது நியாயமான கேள்வி தான், அதனால இப்ப கரி சுருட்டுறது வரைக்கும் கிளாஸ்ல, சுத்துறது பெரியவங்க மட்டும், இஷ்டம் இருக்குறவங்க தங்கி பாக்கலாம்னு எழுதி வாங்கிக்கிறோம்.

தை மாசம் எங்களுக்கு ரொம்ப ஈசி. பொங்கல் லீவு முடிஞ்சு பசங்க வரும்போதே தை அஞ்சு ஆத்துத் திருவிழா பேச்சு தான் இருக்கும், சுத்துப்பட்டு ஊர் சாமியெல்லாம் பெண்ணையாத்துக்கு தீர்த்தவாரிக்கு வரும்ல. ஆத்தங்கரையில வித்த சிறுவள்ளிக்கிழங்கு, சுருள் அப்பளம், பலூன், காத்தாடின்னு எல்லாத்தையும் மண்ணுல செஞ்சு கடை போட்டுருவாங்க, நான் ஒரு தட்டும் கொஞ்சம் பேப்பர் காசும் குடுத்தா போதும். ஒரு ஆயா நெஜ சிறுவள்ளிக்கிழங்கு அவிச்சு கொண்டாந்து குடுத்தாங்க, தோலு உரிக்கிறதே அன்னிக்கு கிளாஸ். ஆளுக்கு ஒரு கிழங்கு, கால் மணி நேரம், உரிச்சது பாதி ஒட்டிக்கிட்டது பாதி.

அடுத்து கொலுவுக்கு வண்டிப்பாளையத்துல பொம்மை செய்ற ஒருத்தர ஸ்கூலுக்கு கூப்புடலாம்னு மேடம்கிட்ட பேசிருக்கேன். களிமண்ணோட வர்றேன்னு சொல்லிட்டாரு. அந்த நேரம் அவருக்கு சீசன், ஒரு நாள் கூலிய விட்டுட்டு வரணும், அத ஸ்கூல் குடுக்குமா பேரன்ட்ஸ்கிட்ட வாங்குறதான்னு தான் இன்னும் இழுத்துட்டு இருக்கு. ஃபேன்சி டிரெஸ் வாடகைக்கு தர்ற காசுல பாதி கூட ஆகாதுன்னு கணக்கு போட்டு எழுதி குடுத்திருக்கேன், பாப்போம்.