சுழலாத அன்னம்

1990-ல் ஈஸ்ட் ஹாமில் நான் இருந்த வாடகை அறையில் மின்சாரத்துக்குக் காசு போடவேண்டும். சுவரில் ஒரு மீட்டர். 50 பென்ஸ் குற்றியாகப் போட்டுக்கொண்டிருந்தால் வெளிச்சம் இருக்கும், மறந்தால் இருட்டு. பகல் முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றுவிட்டு வந்து, பழையதாக வாங்கிய அமிகா 500 கணினியில் ஸ்கல்ப்ட் 3டி என்ற முப்பரிமாணப் பட மென்பொருளைத் திறப்பேன். ஒரு கண்ணாடிக் கோளத்தைத் தரையில் வைத்து, ரெண்டருக்கு, அதாவது அதைக் கணக்கிட்டுப் படமாக வரைய, கொடுத்துவிட்டுப் படுப்பேன். 7 மெகாஹெர்ட்ஸ் கணினி; ஒரே ஒரு படத்துக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. பலநாள் விடியப்புறம் எழும்பிப் பார்த்தால் மீட்டர் காசைத் தின்று முடித்திருக்கும், திரையும் கறுப்பாக இருக்கும். கணினி மெதுவானது என்பதை நான் மணிக்கணக்கில் உணரவில்லை, சில்லறைக் கணக்கில்தான் உணர்ந்தேன்.

ஸ்கல்ப்ட் 3டியை எழுதியவர் எரிக் கிரகாம். 1986-ல் பளபளக்கும் பந்துகளை எறிந்து பிடிக்கும் ஒரு பொம்மையை அமிகாவில் ஓடவிட்டு எல்லாரையும் வாய்பிளக்க வைத்த அதே மனிதர். அந்தப் பொம்மையின் அசைவு மொத்தமே 24 படங்கள்தான், அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவது. இந்தச் சின்னத் தந்திரம் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கலியாண வீடியோக் கடையில் வேலை கிடைத்தது. அங்கே ஓர் அமிகா 2000, அதற்குள் கணக்கை வேகமாகப் போட ஒரு 68030 அட்டை, பக்கத்தில் ஒரு ஜென்லொக். திரையில் முதலாவது நிறம் இருக்கும் இடமெல்லாம் ஓட்டையாகி அதனூடாக வீடியோ தெரியும்; ஜென்லொக் செய்யும் வேலை அவ்வளவுதான். மணமக்கள் மேடைக்கு வரும்போது முன்னால் பொன்னிறக் குத்துவிளக்கு சுழலவேண்டும், அதன் கீழே பெயர்கள் வரவேண்டும். கடைக்காரர் விளம்பரத்தில் போட்டிருந்தது இதைத்தான்.

விளக்குச் செய்வது எந்த மென்பொருளிலும் பத்து நிமிடம். பாதி வெளிக்கோட்டை வரைந்து அச்சில் சுற்றவிட்டால், கடைசலில் பிடித்ததுபோல முழு விளக்கும் வந்துவிடும். உயிரை எடுத்தது தமிழ் எழுத்து. அப்போது எங்களிடம் முப்பரிமாணத் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லை. 'ஞா'வை ஒரு தாளில் எழுதி, புள்ளி புள்ளியாகத்தான் ஏற்றினேன். கடையில் இருந்த இமாஜின் என்ற மென்பொருளில் எல்லாப் பரப்பும் முக்கோணம்தான். ஒரு சுழியைச் சுற்றி முக்கோணங்களை அடுக்கும்போது ஒன்று பிசகினாலும் தங்க எழுத்தில் ஒரு பொத்தல் மின்னும். பின்லாந்துக்காரரின் ரியல் 3டி என்ற மென்பொருள் வேறு சாதி. அதில் பொருட்கள் தோலாக இல்லாமல் திண்மமாக இருக்கும். ஓர் உருளையிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் சுழிக்குள் துவாரம் சுத்தமாக விழும். எழுத்துக்கு அது சொர்க்கம்தான், ஆனால் அதன் மெனுக்களுக்குள் போனால் திரும்பிவர எனக்கு வழி தெரியாது.

இமாஜின் வீட்டில் அறைகள் அதிகம். பொருளைச் செய்ய ஓர் அறை, மேடையில் நிறுத்த இன்னொன்று, எந்தப் படத்தில் எது அசையவேண்டும் என்று கோடு கோடாகக் குறிக்க வேறொன்று. இடம் ஒரு அறையில், காலம் மற்ற அறையில். விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுவதற்கே நான் கதவு கதவாகத் திரிந்தேன்.

1993 மாரியில் ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோ போனபோது, அங்கே இதே தொழிலில் இருந்த என் மச்சான் லைட்வேவ் என்பதைக் காட்டினான். வீடியோ டோஸ்டர் என்ற அட்டையோடு சேர்ந்தே வந்த மென்பொருள் அது. பாண் வாட்டும் மெஷினின் பெயரை வைத்துக்கொண்டுதான் பாபிலோன் 5 தொடரின் விண்கலங்களைப் பறக்கவிட்டிருந்தார்கள். லைட்வேவில் இரண்டே அறைகள்: செய்வது ஒன்று, அசைப்பது மற்றது. விளக்கைப் பிடித்து நகர்த்து, இந்தப் படத்தில் இங்கே நிற்கவேண்டும் என்று ஒரு விசையை அழுத்து, நிறமில்லாத வெறும் கம்பிக்கோட்டு உருவமாக ஓட்டிப் பார். அரை நாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். தங்கப் பளபளப்புக்கு அவன் ஒளிக்கதிர் எங்கே பட்டுத் தெறிக்கும் என்ற கணக்கே போடவில்லை. ஏதோ ஒரு வானப் படத்தைப் பிரதிபலிப்பாகப் போர்த்தி ஏமாற்றியிருந்தான்.

"உதை நீயும் வாங்கன் மச்சான்" என்றான்.

வாங்க வழியில்லை. டோஸ்டர் வட அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்கு மட்டுமே செய்யப்பட்டது. பிரிட்டனில் எங்கள் தொலைக்காட்சியின் பால் (PAL) முறைக்குச் சரிவராது. லண்டனுக்குத் திரும்பி இமாஜின் கையேட்டைப் புரட்டினால், அந்தப் பிரதிபலிப்பு வித்தை அதிலும் இருந்தது, நான் தாண்டிப்போன ஒரு பக்கத்தில்.

எனக்குச் சோறு போட்ட தந்திரத்துக்கு வருகிறேன். ஒரு படத்துக்குக் கால் மணித்தியாலம். விளக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 90 படங்கள், அதாவது இருபத்திரண்டரை மணித்தியாலம். ஆனால் குத்துவிளக்குக்கு ஐந்து முகம். 72 பாகை திரும்பினாலே முதல் படம் திரும்ப வந்துவிடும். ஆகவே 18 படங்கள் போதும். நாலரை மணித்தியாலத்தில் முடித்து, அதையே சுழலவிட்டால் விளக்கு விடிய விடியச் சுற்றும். எந்தக் கையேடும் இதைச் சொல்லித்தரவில்லை என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உடைந்தது. மறுநாள் கலியாணம். மாப்பிள்ளையின் தாயார் கடைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"எங்கை தம்பி அன்னம்? எங்கட வீட்டு விளக்கிலை அன்னம் இருக்கு."

அன்னத்துக்கு ஐந்து முகம் இல்லை. அலகு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். அதை உச்சியில் வைத்தால் 90 படங்களும் வேண்டும், நேரமோ ஓர் இரவு. யோசித்துப் பார்த்துவிட்டு அன்னத்தைப் பக்கவாட்டில் வைத்து அப்படியே நிறுத்திவிட்டேன். விளக்கு கீழே சுழலும், அன்னம் அசையாது. 18 படங்கள். தாயார் மெத்தச் சந்தோஷப்பட்டார். அதன்பிறகு வந்தவர்களும் அன்னம் கேட்டார்கள், அதையே கொடுத்தேன்.

1994 ஏப்ரலில் அமிகாவைச் செய்த கொமடோர் நிறுவனம் முறிந்தது. கடையில் அமிகா இன்னும் கொஞ்சக் காலம் ஓடியது, பிறகு பீசியும் அதில் ஓடும் 3டி ஸ்டூடியோ என்ற மென்பொருளும் வந்தன. அதன் நல்லது கெட்டது பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. வேகமாக இருந்தது, நானும் தந்திரங்களை மறந்தேன்.

சில வருடங்களுக்கு முன் அதே வீட்டுக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். பழைய விஎச்எஸ் நாடாவை டிஜிட்டலாக மாற்றி, பெரிய டிவியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கு வந்தது, பெயர்கள் வந்தன. என் பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்த ஏழு வயதுப் பேரன் திரையைக் காட்டிக் கேட்டான்:

"ஏன் அந்தத் தாரா மட்டும் சுத்தேல்லை?"