ஜவ்வரிசியும் ஒரு லட்சம் கோடி பாக்டீரியாவும்

2023 அக்டோபர் 8, ஞாயிறு

இன்று காலை ஜவ்வரிசி உப்புமா. கடலைப்பருப்பு இல்லை, வேர்க்கடலை இல்லை. கடுகு, கறிவேப்பிலை, துருவிய கேரட் மட்டும். சேலத்திலிருந்து அத்தை அனுப்பும் ஜவ்வரிசிதான் இந்த மாசசூசெட்ஸ் வீட்டில் மகளின் பாதி உணவு. மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து அது. புரதம் அநேகமாகக் கிடையாது. சோற்றை மட்டும் கிராம் தராசில் வைத்துத்தான் பரிமாறுகிறேன். வெந்த சோறு நூறு கிராமில் இரண்டரை கிராமுக்கு மேல் புரதம், ஒவ்வொரு கிராம் புரதத்திலும் ஏறக்குறைய 50 மில்லிகிராம் ஃபினைல்அலனைன். அந்த ஒரு அமினோ அமிலத்தைத்தான் அவள் கல்லீரலால் உடைக்க முடியவில்லை. நோயின் பெயர் ஃபினைல்கீட்டோனூரியா, எல்லோரும் பி.கே.யு. என்றே சொல்கிறார்கள்.

உடைபடாத ஃபினைல்அலனைன் ரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுக்கும். 1934இல் நார்வேயில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் இரண்டு குழந்தைகளின் சிறுநீரை ஆராய்ந்து இந்த நோயைக் கண்டுபிடித்தபோது அவர்களுடைய மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. காரணம் தெரியாமல் விட மனமில்லாத ஒரு தாய், மருத்துவர் மருத்துவராக அலைந்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்பே நடந்தது. என் மகள் தப்பியது, பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தால். ராபர்ட் கத்ரியின் அந்தச் சோதனையை 1963 முதல் சட்டமாகவே வைத்திருக்கும் மாநிலம் இது.

2023 அக்டோபர் 15, ஞாயிறு

நேச்சர் மெட்டபாலிசம் இதழில் வந்த கட்டுரையை இரவு முழுக்கப் படித்தேன். இங்கே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருக்கும் சின்லாஜிக் நிறுவனத்தின் பாக்டீரியா மருந்து பற்றியது. பி.கே.யு. உள்ள இருபது பெரியவர்கள் கலந்துகொண்டிருக்கிறார்கள். முந்தைய வகையான எஸ்.ஒய்.என்.பி. 1618ஐ எடுத்துக்கொண்டவர்களுக்கு, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் ஃபினைல்அலனைன் சராசரியாக 20 சதவீதம் குறைந்திருக்கிறது. புதிய வகையான எஸ்.ஒய்.என்.பி. 1934ஐ எடுத்துக்கொண்டவர்களுக்கு 34 சதவீதம். வேளைக்கு ஒரு லட்சம் கோடி உயிருள்ள பாக்டீரியா வரை கொடுத்திருக்கிறார்கள்.

34 சதவீதம் என்பது சோதனைச்சாலையில் இருப்பவர்களுக்கு ஓர் எண். எனக்கு அது ஒரு கரண்டி சோறு, அரை இட்லி, பள்ளித் தோழியின் பிறந்தநாளில் ஒரு துண்டு கேக். எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை என்பதையும் கட்டுரை மறைக்கவில்லை. பத்தில் ஆறு பேருக்குத்தான் நல்ல பலன். மூன்றாம் கட்டச் சோதனை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதில் இடமில்லை. காத்திருக்கிறோம்.

2023 அக்டோபர் 29, ஞாயிறு

இந்த பாக்டீரியாவை எப்படி உருவாக்கினார்கள் என்பதை எழுதி வைக்கிறேன். நுண்ணுயிரியல் படித்தவள் என்பதால் எனக்கு இது வியப்பான வேலையாகத் தெரிகிறது.

கல்லீரலில் இருக்க வேண்டிய நொதியையே குடலில் இறக்கினால் பயனில்லை. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், பி.எச்.4 என்ற துணைப்பொருளும் வேண்டும். குடலிலோ ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே வேறு நொதியைத் தேடினார்கள்: ஃபினைல்அலனைன் அம்மோனியா லையேஸ். இதற்குத் துணைப்பொருள் எதுவும் வேண்டாம். ஃபினைல்அலனைனைச் சின்னமிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரித்துவிடும். நொதியும் ஒரு புரதம்தானே. அப்படியே விழுங்கினால் வயிறு அதை உணவைப் போலச் செரித்துவிடும். பாக்டீரியாவின் உடலுக்குள் இருந்தால் தப்பிக்கும். அந்த பாக்டீரியா, இ.கோலை நிஸில். முதல் உலகப் போரில் தோழர்கள் எல்லாம் வயிற்றுப்போக்கில் விழுந்தபோது தான் மட்டும் விழாத ஒரு போர்வீரனின் மலத்திலிருந்து, 1917இல் ஆல்ஃபிரட் நிஸில் பிரித்தெடுத்தது. நூறு ஆண்டுகளாக மனிதர் உண்டு பழகிய உயிரி.

நொதிக்கான மரபணு வந்தது ஃபோட்டோராப்டஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவிலிருந்து. ஃபினைல்அலனைனை வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்தையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். இல்லையென்றால் நொதி உள்ளே சும்மா இருக்கும். செல்சுவருக்குத் தேவையான டைஅமினோபைமலிக் அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி ஒரு மரபணுவை நீக்கினார்கள். மனித உடலில் அந்தப் பொருள் கிடையாது. எனவே பாக்டீரியா வேலை செய்யும், பெருகாது. சில நாட்களில் வெளியேறிவிடும். குழந்தையின் வயிற்றுக்குள் போவது என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வேலை நடந்ததா என்று அறியவும் வழி இருக்கிறது. சின்னமிக் அமிலம் கல்லீரலில் ஹிப்பூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வரும். அதை அளந்தால் குடலில் நொதி எவ்வளவு உழைத்தது என்று தெரியும். 2018இல் வெளியான எலி ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ரத்தத்திலிருந்து குடலுக்குள் கசியும் ஃபினைல்அலனைனையும் பாக்டீரியா பிடிக்கிறது. சாப்பிட்டதை மட்டும் அல்ல!

2023 நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

முந்திரி போடாமல் காசி அல்வா கிளறினேன். வெண்பூசணியில் புரதம் மிகச் சொற்பம். மகள் கணக்குப் பார்க்காமல் தின்ற ஒரே பலகாரம் அதுதான். முறுக்குத் தட்டைத் தூரத்தில் வைத்திருந்தும் அவள் கண் அங்கேயே இருந்தது.

அத்தை போனில் பேசினார். பாக்டீரியா மருந்தைப் பற்றிச் சொன்னேன். "கிருமியையா குழந்தைக்குக் கொடுக்கப் போகிறார்கள்? நீயும் சம்மதிக்கிறாயா அம்மா?" என்றார். "அத்தை, நீங்கள் தினமும் பழைய சோற்று நீராகாரத்தில் குடிப்பதும் பாக்டீரியாதான். இதற்கு ஒரு வேலை சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் முறுக்கு தின்பாளா?" என்று கேட்டார். ஒன்றிரண்டு தின்னலாம் என்றேன்.

2024 பிப்ரவரி 9, வெள்ளி

சோதனையை நிறுத்திவிட்டார்கள். நேற்று சின்லாஜிக் அறிவித்தது. இடைக்கால முடிவுகளை உள்ளுக்குள் பரிசீலித்ததில், முதன்மை இலக்கை எட்ட வாய்ப்பில்லை என்று தெரிந்ததாம். ஊழியர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்புகிறார்கள்.

மகளிடம் சொன்னேன். "பெரியவர்களுக்கே வேலை செய்யவில்லையா?" என்று கேட்டுவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் இரவெல்லாம் தாங்கவில்லை. அந்த ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கும் இது இழப்புதான்.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு வாரம் யோசித்த பிறகு எழுதுகிறேன். அவர்களுடைய உயிரியல் பொய்யில்லை. நொதி குடலில் வேலை செய்ததைச் சிறுநீர் காட்டியிருக்கிறது. என் கணிப்பில் சிக்கல் அளவில் இருக்கிறது. குடலில் தங்காமல் கடந்துபோகும் பாக்டீரியாவுக்கு வேலை செய்யக் கிடைப்பது சில மணி நேரம். ஒரு வேளைச் சாப்பாட்டில் வரும் ஃபினைல்அலனைனை அதற்குள் உடைக்க வேண்டும், அதுவும் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்வதற்கு முன். இதே நிறுவனம் ரத்தத்தில் அம்மோனியாவைக் குறைக்க உருவாக்கிய இன்னொரு பாக்டீரியாவும் 2019இல் கைவிடப்பட்டது.

பாதுகாப்புக்காகப் பெருகவிடாமல் செய்தார்கள். அதனாலேயே ஒவ்வொரு வேளையும் கோடிக்கணக்கில் புதிதாக விழுங்க வேண்டியதாயிற்று. ஒரு தாயாக அந்தப் பூட்டு வேண்டும் என்று கேட்டவள் நான்; அதற்குரிய விலையும் இப்போது தெரிகிறது.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாக்டீரியாவைக் குடலில் தங்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்ற மாதம் சயன்ஸ் இதழில் பதில் வந்திருக்கிறது. நோவோம் என்ற கலிஃபோர்னிய நிறுவனத்தின் ஆய்வு. நோய் வேறு: உணவில் வரும் ஆக்சலேட் என்ற பொருள் குடலில் அதிகம் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகக் கல் வருவது. பெருங்குடலில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு ஆக்சலேட்டை உடைக்கும் திறனையும், நோரி கடற்பாசியில் உள்ள போர்ஃபைரன் என்ற சர்க்கரையை உண்ணும் திறனையும் கொடுத்திருக்கிறார்கள். மனிதக் குடலில் அநேகமாக வேறு எதுவும் அந்தச் சர்க்கரையைத் தொடாது. கொடுத்தால் பாக்டீரியா தங்கும், நிறுத்தினால் போய்விட வேண்டும். பெரும்பாலும் அப்படியே நடந்திருக்கிறது. ஆனால் சிலரின் குடலில் அது மரபணு மாற்றம் அடைந்தும், அங்கிருந்த மற்ற பாக்டீரியாவிடமிருந்து மரபணு வாங்கியும், போர்ஃபைரன் இல்லாமலே வாழப் பழகிவிட்டது. இதை ஒளிக்காமல் எழுதியவர்களை மதிக்கிறேன். சின்லாஜிக் போட்ட பூட்டு வீண் இல்லை என்று இப்போது படுகிறது.

போன வாரம் செபியாப்டெரின் என்ற தூள் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடலில் பி.எச்.4ஆக மாறி, மிச்சமிருக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டும். மகளுக்கு முன்பு கொடுத்துப் பார்த்த சாப்ரொப்டெரின் பலிக்கவில்லை. அது பலிக்காதவர்களில் சிலருக்கு இது பலிக்கிறது. அடுத்த சந்திப்பில் சோதனை அளவு கொடுத்துப் பார்க்கக் கேட்கப் போகிறேன். அதோடு மருத்துவரிடம் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: லையேஸைச் சுமக்கும் வேறு பாக்டீரியாவை யாராவது சிறுகுடலின் மேற்பகுதிக்கென்று வடிவமைக்கிறார்களா? குழந்தைகளையும் சேர்க்கும் ஆய்வு எங்கே தொடங்கினாலும் எனக்குத் தெரியப்படுத்தச் சொல்லிக் கடிதமாகவே எழுதி எடுத்துப் போகிறேன்.