புது வண்டியில் பேட்டரி இறங்கினால்: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு வருடம்கூட ஆகாத வண்டி காலையில் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு நின்றால், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பி, நேராக டீலரிடம் போவார்கள். அங்கே சார்ஜ் ஏற்றி, ‘டெஸ்ட் ஓகே’ என்று திருப்பிக் கொடுப்பார்கள். சில வாரத்தில் மறுபடி அதே கதை. பேட்டரியையே மாற்றிக் கொடுத்தாலும் புதியதும் சில மாதங்களில் படுத்துவிடும். காரணத்தைத் தேடாமல் பொருளை மட்டும் மாற்றுவதால் வரும் வினை இது.

புது வண்டியின் பேட்டரி பிறவிக் கோளாறால் சாவதைவிடப் பட்டினி கிடந்து சாவதே அதிகம் என்பது என் கணிப்பு. அந்தப் பட்டினி நீங்கள் சாவி வாங்கும் முன்பே தொடங்கியிருக்கலாம். இங்கே விற்கும் சிறிய ஹூண்டாய், சுசுகி வண்டிகளில் பல இந்தியாவில் செய்யப்பட்டவை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு ஹூண்டாய் கடல் தாண்டி, துறைமுக யார்டில் காத்திருந்து, லாரியேறி ஷோரூமுக்கு வருகிறது. இடையில் மாதங்கள் ஓடிவிடும். இன்ஜின் ஓடுவதோ கப்பலில் ஏற்ற, இறக்க, இடம் மாற்ற என்று சில நிமிடங்கள்தான். ஷோரூமில் வருகிறவரெல்லாம் கதவைத் திறந்து உட்கார்ந்து திரையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் படிந்த லெட் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி முழுதாகத் திரும்பாது.

ஆகவே டெலிவரி எடுக்கும் நாளிலேயே பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் மூடியிலோ டெர்மினலிலோ தயாரிப்புத் தேதி குறியீடாகப் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். அன்றைய பேட்டரி டெஸ்ட் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் இந்த இரண்டு தாள்தான் பேசும்.

ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்தாலும் 2 நொடிதான், மொத்தம் 0.11 ஆம்பியர்-மணி. ஆனால் கதவைத் திறந்ததும் விழித்துக்கொள்ளும் கணினிகள், திரை, விளக்குகள், பாட்டு எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் இழுத்தால், 15 நிமிடத்தில் 2 ஆம்பியர்-மணி போய்விடும். பதினெட்டு ஸ்டார்ட்டுக்குச் சமம். சனிக்கிழமை நான்கு கதவையும் திறந்துபோட்டுப் பாட்டோடு வண்டி கழுவுவது, பெரிய வெள்ளிக்கிழமை இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் கூட்டத்தில் குடும்பம் திரும்பும்வரை வண்டிக்குள் ஃபேனும் ரேடியோவும் போட்டு உட்கார்ந்திருப்பது, இவைதான் உண்மையில் சார்ஜைக் குடிக்கின்றன.

இப்படி இறங்கியது திரும்ப ஏறுகிறதா என்றால், சின்னச் சின்ன ஓட்டத்தில் ஏறாது. லெட்-ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை ஓரளவு வேகமாக ஏற்றுக்கொள்ளும்; கடைசி 20 சதவீதம் பல மணி நேரம் கேட்கும். போதாததற்கு, இப்போதைய வண்டிகளில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் எப்போதும் முழு வேகத்தில் சார்ஜ் செய்வதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த, ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.5 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, சமவேகத்தில் ஓடும்போது 13-க்கும் கீழே இறக்கிவிடும். பேட்டரியில் கொஞ்சம் காலி இடம் இருப்பதையே அந்தக் கணினி விரும்புகிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, மறுபடி வீடு என்று தினமும் பத்துப் பத்து நிமிடம் ஓடும் வண்டியில் பேட்டரி எந்நாளும் அரை வயிறுதான். என்3 நெடுஞ்சாலையில் ஒருமுறை பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். கொஞ்சம் தேறும். முழுதாக ஏறாது.

முதல் அறிகுறி, வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைத்துத் தானே கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் போவது. சிக்னலில் இன்ஜின் அணையவில்லை என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள்; சார்ஜ் போதவில்லை என்று வண்டி சொல்வது அது. நாள்கணக்கில் அப்படியே இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். அடுத்து, ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். விளக்குகள் ஒன்றாக எரிந்து அணையும். வோல்டேஜ் சரிந்ததும் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போட்டுவைக்கும் பிழைக் குறியீடுகள் இவை. பேட்டரியைச் சோதிக்காமல் இந்தக் குறியீடுகளை நம்பி விலை உயர்ந்த பாகத்தை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அளப்பதற்குச் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஓடி நின்ற வண்டியில் உடனே அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும். பூட்டிய கராஜில் பானட்டை முன்னிரவே திறந்து வைத்து, காலையில் கதவைத் தொடாமல் அளக்க வேண்டும். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழுச் சார்ஜ். ஏ.ஜி.எம். வகையில் (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) இன்னும் சற்று மேலே நிற்கும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. முழு இரவு சார்ஜ் ஏற்றியும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதென்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. அது நிஜமான பிறவிக் கோளாறு, வாதமே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், 9.6-க்குக் கீழே சரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முளையிலும் மற்றொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இணைப்பில். டெலிவரிக்குத் தயார் செய்யும்போது டெர்மினலைச் சரியாக இறுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரில் முடியும் வேலை. கடைசியாக, இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் போட்டு அளந்தால் 13.8 முதல் 14.8 வரை வர வேண்டும்.

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால், நிற்கும்போது எதுவோ குடிக்கிறது. பூட்டி உறங்கும் வண்டி 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. 50 என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு வாரத்தில் பாதிக்குக் கீழே போய்விடும். அளக்க, மில்லி ஆம்பியரைக் காட்டக்கூடிய டி.சி. கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளைச் சுற்றிப் போடுவது சுலபம். பானட்டைத் திறந்தபடியே அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதாக ஏமாற்றி, வண்டியைப் பூட்டி, சாவியைத் தூரக் கொண்டுபோய் வைத்து, 30 முதல் 60 நிமிடம் காத்திருங்கள். சாதாரண மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து அளக்கலாம், ஆனால் அது இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எண் அதிகமாக இருந்தால் ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால், திரும்பச் செருகும்போது உறங்கும் கணினி விழித்து அளவைக் கெடுக்கும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மில்லிவோல்ட் பாருங்கள். பூஜ்யம் அல்லாதது எதுவோ அந்த வழியில் மின்சாரம் ஓடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கரை. இன்சூரன்ஸ் கேட்பதால் பல புது வண்டிகளில் மாட்டுகிறார்கள். நிரந்தர மின்சாரத்தில் நேராக இணைப்பார்கள். சிக்னல் கிடைக்காத அடித்தளப் பார்க்கிங்கில் நின்றால் அது தேடித் தேடி அதிகம் இழுக்கும். வண்டிக் கணினிகளை உறங்கவிடாத வயரில் தப்பாக இணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடுத்தது எப்போதும் மின்சாரம் வரும் இணைப்பில் போட்ட டேஷ்கேம். மூன்றாவது சாவி. கீலெஸ் சாவியைக் கராஜ் சுவரை ஒட்டிய சமையலறையில் மாட்டினால் சில வண்டிகள் அடிக்கடி விழித்துக்கொள்ளும். சில மீட்டர் தள்ளி வைத்தாலே போதும்.

சார்ஜர் வாங்குவது நல்ல முதலீடு. பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும்; 60-க்கு 6. ஏ.ஜி.எம். முறை உள்ள தானியங்கி சார்ஜராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை முழு இரவு போடுங்கள். சிவப்பு கிளிப் பாசிட்டிவ் முளையில். கறுப்பு கிளிப் நெகட்டிவ் முளையில் வேண்டாம், இன்ஜின் அல்லது பாடியின் எர்த் போல்ட்டில். நெகட்டிவ் முளையில் உட்கார்ந்திருக்கும் சின்ன சென்சார் உள்ளே போகும் சார்ஜையும் வெளியே வருவதையும் எண்ணுகிறது. அதைத் தாண்டிப் போட்டால் சார்ஜ் ஏறியது வண்டிக்குத் தெரியாது. ஜம்பர் கேபிளுக்கும் இதே விதி, கூடவே தீப்பொறி பேட்டரியிலிருந்து தள்ளி விழும் என்ற பாதுகாப்பும் உண்டு.

டீலரிடம் போகும்போது வாய்ப்பேச்சு உதவாது. பேட்டரியில் மாட்டி வோல்டேஜைப் போனில் பதிவு செய்யும் புளூடூத் மானிட்டர் கிடைக்கிறது. இரண்டு வாரப் பதிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி ஓய்வு கொடுத்த பிறகே டெஸ்ட் செய்யக் கேளுங்கள். பாதிச் சார்ஜில் செய்தால் ‘சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்’ என்றுதான் இயந்திரம் சொல்லும். அச்சிட்ட தாளில் சி.சி.ஏ. (குளிரில் ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு எண்ணும் இருக்க வேண்டும். நிற்கும்போது எடுக்கும் மின்சாரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 2008-ன் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, டெலிவரியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பொருள் குறைபாடுள்ளதாகத் தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவரின் உரிமை. பழுதுபார்த்த மூன்று மாதத்துக்குள் கோளாறு தீராமல் இருந்தால், மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். விளக்கை அணைக்க மறந்ததால் இறங்கியதற்கு இது பொருந்தாது. எழுத்தில் கேட்டும் டீலர் அசையவில்லையென்றால், வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். வண்டிக்கான வாரண்டியும் பேட்டரிக்கான வாரண்டியும் ஒரே காலமாக இருக்க வேண்டியதில்லை. கையேட்டில் தனியாகப் பாருங்கள்.

சொந்தச் செலவில் மாற்றுவதானால், கடையில் 646, 652 என்று பேட்டரியின் அளவைக் குறிக்கும் மூன்றிலக்க எண்ணைக் கேட்பார்கள். அதோடு வகையையும் உறுதிசெய்யுங்கள். ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்.தான், ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் சாதாரண பேட்டரி வெகுகாலம் தாங்காது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அதற்கு முன் டிராக்கர் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டியைத் திருடுகிறார்கள் என்று அங்கே மணி அடிக்கும். ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. போன்றவற்றில் புது பேட்டரியை ஸ்கேன் கருவியால் கணினியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய, தேய்ந்த பேட்டரி என்று நினைத்தே வண்டி சார்ஜ் செய்யும்.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டர்பனின் ப்ரோஸ்பெக்டனில் டொயோட்டா செய்யும் கரோலா கிராஸ் ஹைப்ரிட்டிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது ஸ்டார்ட்டரைச் சுற்றுவதில்லை, கணினிகளை எழுப்புவதோடு சரி. அதனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவது போன்ற முன்னறிவிப்பு எதுவும் வராது. ஒரு நாள் அப்படியே இருண்டுவிடும். ‘ரெடி’ விளக்கு எரிந்தால் மட்டுமே அது சார்ஜ் ஆகும்.

டிசம்பரில் நான்கைந்து வாரம் சென்னைக்குப் போகிறவர்கள், கிளம்பும் முந்தின இரவு முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். வீட்டில் நிறுத்துவதானால் தானியங்கி சார்ஜரை மாட்டியே விடலாம். ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றில் ஃபியூஸ் பெட்டியில், நிற்கும்போது இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்க ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு; நீண்ட நாள் நிறுத்தும்போது அணைத்து, ஓட்டும் முன் மறக்காமல் போட வேண்டும். திரும்பி வந்ததும் ஸ்டார்ட் செய்யும் முன் மீட்டரை வையுங்கள். 12.2-க்குக் கீழே காட்டினால் அன்றிரவு முழுக்கச் சார்ஜர் போட்டுவிட்டு மறுநாள் எடுங்கள்.