கேப்பர் மலை மண்பாதையில் ஒரு காலை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகளை அனுமதிப்பதில்லை என்பதால், காரைத் துமா வீதியில் நிறுத்திவிட்டு அண்ணனுக்காகக் காத்திருந்தேன். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்லர். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். தொண்ணூறுகளில் தென்னிந்திய ரேலிகளில், அதாவது சாலைகளிலும் மண்பாதைகளிலும் நேரம் குறித்து ஓட்டும் கார்ப் போட்டிகளில், நேவிகேட்டராக ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வளைவுகளைப் படித்துச் சொன்னவர். இப்போது அறுபதை நெருங்குகிறார். கடலூர் முதுநகரில் அவருடைய பழைய நண்பர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. அவரைப் பார்ப்பது, போகிற வழியில் கேப்பர் மலையின் மண்பாதைகளில் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பது என்பதுதான் அன்றைய திட்டம்.

வண்டியில் ஏறியதும் நான் கேட்ட முதல் கேள்வி, உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் மேல்தட்டுக்கு, புது விதிகள் வரும் 2027-இல் புதிய கம்பெனிகள் வருமா என்பது. இப்போது அங்கே டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்ற மூன்று பெயர்கள்தாம் இருக்கின்றன. அண்ணன் நேரடியாகப் பதில் சொல்லாமல், வெளியே இருந்த பிரெஞ்சுப் பெயர்ப்பலகையைக் காட்டி 1973-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த ஆண்டுதான் சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் போட்டியான மான்டி கார்லோவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்ததும், ஆண்டு முடிவில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றதும் ஆல்பீன் என்ற பிரெஞ்சுக் கார். அதைத் தொடங்கியவர் டியெப் என்ற துறைமுக ஊரில் ரெனோ கார் விற்றுக்கொண்டிருந்த ழான் ரெடெலே. எஞ்சின் பின்னால், உடல் முழுக்க ஃபைபர். விற்பனைக் கடையிலிருந்து வளர்ந்த ஒரு பட்டறையின் கார் அது. "பெரிய கம்பெனி இல்லப்பா, கடைக்காரர்தான் முதல் சாம்பியன்" என்று அண்ணன் முடித்தபோது நாங்கள் அரியாங்குப்பத்தைத் தாண்டியிருந்தோம்.

முள்ளோடை எல்லைக்கு முன்னால் பெட்ரோல் நிரப்பிக்கொள்வது இந்தச் சாலையில் போகிறவர்கள் யாரும் மறக்காத சடங்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் விலை குறைவு, அவ்வளவுதான் காரணம். கார் கம்பெனிகளும் ரேலிக்கு இதே கணக்கில்தான் வருகின்றன என்பது அண்ணனின் வாதம். விதிமுறை மாறிச் செலவு தாங்கும் அளவுக்கு வந்தால் உள்ளே வருகிறார்கள்; மேலிடத்தில் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி பேசினால் கிளம்பிவிடுகிறார்கள். சுசூகி தன் எஸ்எக்ஸ்4 காரோடு 2008-இல் ஒரே ஒரு முழுப் பருவம் ஓடியது. அந்த ஆண்டின் பொருளாதாரச் சரிவில் சுபாருவும் சுசூகியும் ஒரே மாதத்தில் விலகின. ஃபோக்ஸ்வாகன் 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகளும் பட்டம் வென்றது. டீசல் கார்களின் புகைச் சோதனையில் ஏமாற்றி மாட்டிக்கொண்ட விவகாரத்துக்குப் பிறகு, 2017-க்கான காரைக் கிட்டத்தட்டத் தயார் செய்துவிட்ட நிலையிலேயே வீட்டுக்குப் போனது. தோற்றதனால் போனவர்களைவிட, ஜெயித்துக்கொண்டே போனவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அண்ணனுக்குக் கோபம் அதிகம் வருகிறது.

பெண்ணையாற்றுப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை ஐ20 போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் இந்தக் காரின் பெயரைத்தான் ஹூண்டாயின் ரேலி காரும் தாங்கியிருக்கிறது. பெயரும் முகச்சாயலும் தவிர இரண்டுக்கும் பெரிதாக உறவில்லை. மேல்தட்டில் இப்போது ஓடும் ரேலி1 வகைக் காரின் உள்ளே இருப்பது குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய ஒரு கூண்டு. ஹூண்டாய் முதலில் 2000 முதல் 2003 வரை வந்து, சோபிக்காமல் போய், 2014-இல் ஜெர்மனியின் அல்செனாவில் தனியாக ஒரு நிலையம் அமைத்துத் திரும்பி வந்தது; அதே ஆண்டில் ஜெர்மனி ரேலியில் தியெரி நோய்வில் அதற்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார்.

மஞ்சக்குப்பத்தில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு, கெடிலத்தைக் கடந்து கேப்பர் மலையில் ஏறினோம். மலை என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர அது ஒரு செம்மண் மேடுதான். ஆனால் வாழைக்கும் முந்திரிக்கும் இடையில் ஓடும் அந்த மண்பாதைகளில் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வெள்ளக்கரைக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இல்லாத ஓரிடத்தில் அண்ணன் தன் பையிலிருந்து சுருள் கம்பி போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். எல்லாமே பென்சிலில் எழுதியிருந்தது. பேனா மை மழைத்துளி பட்டால் கலைந்துவிடும், பென்சில் கலையாது என்றார். பாதையை ஒருமுறை நிதானமாக ஓட்டச் சொல்லி ஒவ்வொரு வளைவுக்கும் அது எவ்வளவு கூர்மை என்று காட்டும் ஓர் எண், அடுத்ததற்கு எத்தனை மீட்டர், எங்கே கல், எங்கே பள்ளம் என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் முறை அவர் படிக்கப் படிக்க நான் ஓட்டினேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு வளைவு காதில் விழுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. "ரைட் மூணு, உள்ளே வெட்டாதே" என்றார். நான் வெட்டினேன். முந்திரி வேருக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த செம்பாறை அடியில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இறங்கிக் குனிந்து பார்த்தபோது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் ஓரத்தில் கசிவு, சொட்டுச் சொட்டாக. தவறு முழுக்க என்னுடையது. அண்ணன் அதைச் சொல்லிக் காட்டவில்லை, நோட்டில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு கோடு மட்டும் போட்டார். ஒரு டப்பா ஆயிலை வாங்கி ஊற்றிக்கொண்டு, முதுநகர்ப் பட்டறைக்கு மெதுவாக உருட்டி வந்து சேர்ந்தோம்.

துறைமுகத்துப் பக்கம் உள்ள அந்தப் பட்டறையில் மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கும் கார்களுக்கும் ஒரே கூரை. அண்ணனின் நண்பர் சம்ப்பைக் கழற்றி, கழுவி, வெடிப்பை வெல்டிங்கில் அடைத்தார். பிறகு ஒரு மூலையில் கிடந்த தடித்த அலுமினியத் தகட்டை இழுத்து, மரக்கட்டையில் வைத்துத் தட்டி வளைத்து, நான்கு போல்ட்டில் சம்ப் கார்டாக மாட்டினார். அவர் தட்டுகிற நேரத்தில்தான் என் காலைக் கேள்விக்கு அண்ணன் விடை சொன்னார்.

கம்பெனி வருகிறது என்கிறோமே, அது பெயரும் பணமும் வருவதுதான். காரைப் பெரும்பாலும் ஒரு பட்டறைதான் கட்டுகிறது. மூன்று பட்டம் வென்ற சுபாருவின் நீலக் கார்கள் ஜப்பானில் அல்ல, இங்கிலாந்தின் பான்பரியில் ப்ரோடிரைவ் பட்டறையில் உருவானவை. டொயோட்டா 2017-இல் திரும்பி வந்தபோது, முன்னாள் சாம்பியன் டோமி மாக்கினனின் பட்டறையில், ஃபின்லாந்தின் பூப்போலா கிராமத்தில்தான் யாரிஸைக் கட்டினார்கள். இரண்டாவது போட்டியிலேயே, ஸ்வீடனில், யாரி-மாட்டி லட்வாலா அதை வெற்றிக்கு ஓட்டினார். ஃபோர்டு 2012 முடிவில் அதிகாரபூர்வமாக விலகிய பிறகும் அதன் ரேலி கார்களைக் கட்டிவந்த, இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் உள்ள எம்-ஸ்போர்ட் பட்டறை கடையை மூடவில்லை. 2017-இல் செபாஸ்டியன் ஓஜியேவை வைத்து அந்தப் பட்டறை ஓட்டுநர் பட்டத்தையும் தயாரிப்பாளர் பட்டத்தையும் சேர்த்தே வென்றது.

2027 விதிகள் இந்த உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றன என்பதால்தான் அண்ணனுக்கு அவை பிடித்திருக்கின்றன. காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு, அதாவது நம் கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். இப்போதைய ரேலி1 காரின் விலையில் பாதியைவிடக் குறைவு. சுமார் 300 குதிரைத்திறன். சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அடுத்த தட்டான ரேலி2 காரிலிருந்து எடுக்கப்படும். 2022-இல் கொண்டுவந்த ஹைபிரிட் பெட்டியை 2025-லேயே கழற்றிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனி அல்லாத தனிப் பட்டறையும் தானே வடிவமைத்த உடலோடு மேல்தட்டுக்குக் கார் கட்டி வரலாம். பெரிய பெயர்கள் வரிசையில் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தால் ஒன்றிரண்டு பட்டறைகள் முதலில் வரும், அவற்றின் முதுகில் பெயர் ஒட்டக் கம்பெனிகள் பிறகு வரும் என்றே தோன்றுகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே போல்ட்டை முறுக்கிய பட்டறைக்காரர், தலையை நிமிர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு கோடியில ஸ்பேர் பார்ட்ஸ் சேருமா, தனியா?" அண்ணன் சிரித்தார். விலை வரம்பு காருக்குத்தான், உடைவதற்கு அல்ல என்றார்.

திரும்பும்போது மாலை ஆகிவிட்டது. பட்டறைக்காரர் கூலி வாங்க மறுத்து, தகட்டுக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டார். முள்ளோடையைத் தாண்டியதும் அண்ணன் அந்தப் பென்சில் நோட்டை என் மடியில் வைத்து, அடுத்த முறை நீ எழுது, நான் ஓட்டுகிறேன் என்றார்.